கத்திரி வெயிலில் கொல்லைக் கோழிகள்: கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு விரிவான பதில்

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்தில் வீடு, கிழக்குப் பார்த்த வாசல். பின்னால் கொல்லையில் மேற்கு மதில் சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட பலகைக் கூண்டு. அதில் சிறுவிடை என்னும் சின்ன உடம்பு நாட்டுக்கோழியும் கழுத்தில் மயிரில்லாத கழுத்தறுத்தானும் கலந்து பன்னிரண்டு கோழிகள், கூடவே பெருவிடை என்னும் கனத்த இனத்துச் சேவல் ஒன்று. கத்திரி தொடங்கியதும் ஒரே வாரத்தில் இரண்டு கொழுத்த கோழிகள் பிற்பகலில் செத்துவிட்டன. மற்றவை வாயைத் திறந்தபடி இரைக்கின்றன. முட்டை குறைந்துவிட்டது, வருவதும் ஓடு சரியாக இல்லாத தோல்முட்டையாக வருகிறது. வீட்டுக்காரர் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஹோஸ் பிடித்துக் கூண்டுக்குள் தண்ணீர் அடிக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா இது நோய் என்கிறார். தண்ணீர் அடிப்பது சரியா, ஃபேன் போடலாமா, ஐஸ் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தண்ணீர் அடிப்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உங்கள் ஊரில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. மத்தியானம் அடிப்பது சில நாள் நல்லது, சில நாள் வீண். சாயங்காலம் மூடிய கூண்டுக்குள் அடிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41, 42 டிகிரி செல்சியஸ். வெளியே சூடு ஏற ஏற, கொண்டை, தாடி, கால், இறக்கைக்கு அடியில் உள்ள மயிரில்லாத தோல் ஆகியவற்றின் வழியே கொஞ்சம் சூட்டை வெளியே விடும். அது போதாதபோது வாயைத் திறந்து இரைக்கும். இரைக்கும்போது தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது, அதோடு சூடும் போகிறது. ஈரம் ஆவியாக வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றில் அதற்கு இடம் இருக்க வேண்டும். காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் கோழி எவ்வளவு இரைத்தாலும் பலன் குறைவு. இரைப்பதும் ஒரு வேலைதானே, அதிலும் உடம்பு சூடாகும்.

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் ஒரே நாளில் இரண்டு விதமான வெயில் அடிக்கும். காலையில் நெய்வேலி, பண்ருட்டி, விழுப்புரம் பக்கமிருந்து வரும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, காய்ந்த காற்று, அனலாக அடிக்கும். மதியவாக்கில் கடல்காற்று உள்ளே வந்ததும் வெயில் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், ஆனால் புழுக்கம் ஏறிவிடும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று மூன்று மணிக்கு மேல்தான் வரும், சில நாள் வரவே வராது. கோழிகள் கொத்தாகச் சாவது பெரும்பாலும் அந்த மாதிரி நாட்களில்தான்.

ஆகவே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஹோஸை எடுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு ஈரத் துண்டைப் பிழிந்து நிழலில் கொடியில் போடுங்கள். கால் மணி நேரத்தில் ஓரங்கள் காய்ந்து மொடமொடப்பாக ஆகிவிட்டால் காற்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கூரை மேலும், மேற்குப் பக்கம் சாக்கு கட்டி அதன் மேலும், கூண்டைச் சுற்றியுள்ள தரையிலும் தண்ணீர் தெளியுங்கள், உள்ளே குளிர்ச்சி தெரியும். துண்டு சொதசொதவென்று அப்படியே தொங்கினால் உள்ளே ஒரு சொட்டும் தெளிக்காதீர்கள். அந்த நேரத்தில் கோழிக்கு வேண்டியது வீசும் காற்று. உங்கள் வீட்டில் சாயங்காலம் நடப்பதைச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது: பகலெல்லாம் காய்ந்த தகரம், நாலு பக்கமும் பலகை, கீழே ஈரம். அது இட்லிப் பானைதான்.

சரி, அக்கா சொன்ன நோய் விஷயம். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. கோடையில்தான் வெள்ளைக் கழிச்சல் என்னும் கோழி நோயும் தலைதூக்கும். ஆனால் நீங்கள் சொன்ன அடையாளங்கள் வெயிலைத்தான் காட்டுகின்றன. செத்தவை கொழுத்தவை, காலையில் நன்றாக மேய்ந்தவை, செத்த நேரம் பிற்பகல். கழிச்சல் என்றால் ஒன்றிரண்டு நாள் இறக்கை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, உறங்கியபடி நின்றுவிட்டுத்தான் பெரும்பாலும் சாகும், சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். எளிதாகப் பிரித்துப் பார்க்க, விடியற்காலை ஐந்து மணிக்குக் கூண்டுக்குப் போய்ப் பாருங்கள். வெயிலுக்கு இரைத்த கோழி அந்த நேரத்தில் வாயை மூடிச் சாதாரணமாக இருக்கும். அப்போதும் இரைத்தால், குறட்டை மாதிரி சத்தம் வந்தால், அது வெயில் இல்லை. இன்னொன்று செத்தால் புதைப்பதற்கு முன் குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். கடலூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் கழிச்சல் தடுப்பூசியை வெயிலுக்கு முன், பிப்ரவரியிலேயே போட்டுவிட வேண்டும். அந்த மாதத்தில்தான் கால்நடைப் பராமரிப்புத் துறை முகாம் நடத்துவது வழக்கம். நீங்கள் தவறவிட்டிருந்தால் உள்ளூர் மருந்தகத்தில் கேட்டு, நல்ல திடமான கோழிகளுக்கு மட்டும் விடியற்காலையில் போடச் சொல்லுங்கள். இரைத்துக்கொண்டிருக்கும் கோழியைப் பிடித்து ஊசி போடுவது அதற்கு மேலும் கஷ்டம்.

இப்போது கூண்டு. கிழக்குப் பார்த்த வீடு, கூண்டு பின்னால் மேற்கு மதிலோடு. அப்படியென்றால் கடல்காற்றை முழுக்க உங்கள் வீடே தடுத்துவிடுகிறது. மதில் பகலெல்லாம் வெயில் குடித்து இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கும். கூண்டுக்கு இதைவிட மோசமான இடம் உங்கள் மனையில் இருக்காது. வீட்டுக்குத் தென்பக்கம் சந்து இருந்தால், தென்கிழக்கிலிருந்து வரும் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் கொல்லைக்குப் பாயும். சந்து கொல்லையில் முடியும் இடத்தில் கூண்டை வையுங்கள். நான் சொல்வதைவிடக் கோழிகளே சரியாகக் காட்டும். ஒரு நாள் பதினொரு மணியிலிருந்து திறந்துவிட்டுப் பாருங்கள். வாழைக் கட்டைக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவிய தண்ணீர் போய் ஊறும் இடத்தில், மண்ணைக் கிளறிக் குழி பறித்து, வயிற்றை ஈர மண்ணில் அழுத்தி, இறக்கையை விசிறி போல விரித்துப் படுத்துக்கொள்ளும். மூக்கு ஒரே பக்கம் பார்த்திருக்கும், காற்று வரும் பக்கம். அந்த இடத்தை ஒட்டிக் கூண்டு வைத்தால் பாதிக் கவலை போயிற்று. அந்த மண் நல்ல கடற்கரை மணலாக இருந்தால் இன்னும் நல்லது, சீக்கிரம் சேறாகாது. அங்கே குழி பறிக்கிறதே என்று விரட்டாதீர்கள். வாழைக்கு ஒன்றும் ஆகாது.

கூண்டைத் தூக்கி நகர்த்த முடியாது என்றால் பலகையைப் பிரியுங்கள். கிழக்கு, தெற்கு இரண்டு பக்கமும் பலகையை எடுத்துவிட்டு அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். மெல்லிய கோழி வலை போதாது, கீரியும் பெருச்சாளியும் அதைக் கிழித்துவிடும். பயத்தில்தான் பலரும் ராத்திரி கூண்டை அடைத்து மூடுகிறார்கள். ஆனால் இந்தக் கடலோரத்தில் மே மாத ராத்திரி புழுக்கம் தெரிந்ததுதானே. பகலில் பட்ட சூட்டைக் கோழி இரவில்தான் இறக்கி வைக்க வேண்டும். ராத்திரியும் வேகவைத்தால் மறுநாள் பத்து மணிக்கே இரைக்க ஆரம்பித்துவிடும். இரண்டு நாள், மூன்று நாள் இப்படிப் போனபிறகு விழுவதைத்தான் ‘திடீரென்று செத்துவிட்டது’ என்கிறோம்.

தகரக் கூரையைக் கழற்ற வேண்டாம். அதற்கு மேல் அரை அடி இடைவெளி விட்டுச் சவுக்குக் கம்பு கட்டி, தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதுதான் முக்கியம், கீற்றைத் தகரத்தின் மேல் அப்படியே போட்டால் பலன் பாதிதான். கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்றில் பறக்காமல் நன்றாக இழுத்துக் கட்ட வேண்டும். செலவு வேண்டாம் என்றால் தகரத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் சந்து இருக்க வேண்டும், மேலே தேங்கும் சூடு வெளியேற அதுதான் வழி. தரையில் கடலைத் தோலோ உமியோ கனமாகப் போட்டிருந்தால் அள்ளிவிட்டு இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கனத்த படுக்கை எச்சத்தோடு சேர்ந்து புளித்து அடியிலிருந்து சூடு கொடுக்கும். குளிர்காலத்தில் அது நல்லது, இப்போது வேண்டாம்.

ஃபேன் போடலாம், தாராளமாகப் போடலாம். வெளியே 38 டிகிரி இருந்தாலும் கோழியின் உடம்பு அதைவிடச் சூடு, ஆகையால் வீசும் காற்று சூட்டைக் கொண்டுபோகும். கடல்காற்று செத்துப் புழுங்கும் சாயங்காலத்திலும் இரவிலும் அதைவிட நல்ல உதவி இல்லை. பழைய டேபிள் ஃபேன் போதும். கோழி உட்காரும் உயரத்தில், வலைக்கு வெளியே வைத்து, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடுகிற மாதிரி வையுங்கள். மேலே தொங்கவிட்ட ஃபேன் தகரத்தின் சூட்டைத்தான் கீழே இறக்கும். ஒயரைக் கோழி கொத்தும், வீட்டுக்காரர் ஹோஸ் பிடிக்கிறவர், மீதி உங்களுக்கே புரியும்.

குடிக்கும் தண்ணீர்தான் உயிர். சாதாரண நாளில் ஒரு கோழி சுமார் கால் லிட்டர் குடிக்கும், இந்த வெயிலில் அதுபோல் இரண்டு மடங்கு. மிச்சமுள்ள கோழிகளுக்கும் சேவலுக்கும் நாளைக்கு ஐந்தாறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சட்டியில் வைக்கக் கூடாது. நிழலில் மூன்று இடத்தில் வையுங்கள், ஏனென்றால் ஒரு சட்டி இருந்தால் சேவலும் மூத்த கோழியும் பக்கத்திலேயே நின்றுகொண்டு இளசுகளை விரட்டும். தண்ணீர் சூடானால் கோழி குடிக்காது, தாகத்தோடு நிற்கும். மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் மதியத் தண்ணீர் கையில் சுடுமே, அதைத்தான் பலர் ஊற்றிவிட்டுத் தண்ணீர் வைத்தேனே என்கிறார்கள். காலையிலேயே இரண்டு குடம் பிடித்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, பத்து, ஒன்று, மூன்று மணிக்கு மாற்றுங்கள். மண்சட்டி நல்லது. காய்ந்த காற்றில் நன்றாகக் குளிரும், புழுக்க நாளில் அவ்வளவாகக் குளிராது. அன்றைக்குத்தான் உங்கள் ஐஸ் வேண்டும். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைத்து, அதைச் சட்டிக்குள் படுக்க வைத்துவிடுங்கள், மெல்லக் கரைந்து மதியம் வரை குளிர்ச்சி கொடுக்கும். இன்னொரு பாட்டிலைச் சாக்கில் சுற்றி நிழலில் போட்டால் கோழிகள் அதன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரில் என்ன கலக்கலாம் என்று கேட்பீர்கள். கடலை ஒட்டிய தெருவில் உங்கள் போர் தண்ணீர் உப்புக் கரித்தால் முதலில் அதை நிறுத்திவிட்டு, நீங்கள் குடிக்கும் தண்ணீரையே கோழிக்கும் வையுங்கள். உப்புத் தண்ணீரில் எலக்ட்ரோலைட் பொடியும் (உடம்பு இழந்த உப்புகளை ஈடுகட்டும் பொடி) சேர்த்தால் உப்பு மேல் உப்பு, வயிற்றுப்போக்குதான் வரும். நல்ல தண்ணீர் என்றால், அனல் அடிக்கும் இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும், கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் எலக்ட்ரோலைட் பொடியைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் ஒரு சட்டியில் கலந்து வைக்கலாம். மற்றச் சட்டிகளில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். நெல்லிப் பொடியைத் தீனியில் தூவலாம். வைட்டமின் சி-யைக் கோழி தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும், ஆனால் கடும் வெயிலில் அது போதுவதில்லை. எலுமிச்சை பிழிவதானால் தகர வாளியில் வேண்டாம், புளிப்பு துத்தநாகத்தை அரித்துத் தண்ணீரில் இறக்கும். மோர் கொஞ்சம் நீர்க்க வைக்கலாம், ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், ஈ மொய்க்கும்.

தோல்முட்டைக்கும் இரைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. விடாமல் இரைக்கும்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கால்சியத்தோடு சேர வேண்டிய கார்பனேட்டு அந்த வாயுவிலிருந்துதான் கிடைக்கிறது. அது குறைந்தால் கிளிஞ்சலை அள்ளிப் போட்டாலும் ஓடு முழுதாக வராது. தீனியும் குறைவாகத் தின்பதால் உள்ளே போகும் கால்சியமும் குறைவு. இதற்குத்தான் அனல் நாட்களில் ஆப்ப சோடா: ஐந்து லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி, எலக்ட்ரோலைட் கொடுக்காத நாளில் மட்டும். இடித்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் சாயங்காலம் வையுங்கள். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில், அந்த நேரத்துக்கு வயிற்றில் இருந்தால் உபயோகப்படும். இரைப்பு நின்றால் ஓடும் சரியாகிவிடும், அதற்காகத் தனி மருந்து தேட வேண்டியதில்லை.

தீனியைப் பொறுத்தவரை என்ன கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுப்பது என்பது பெரிது. தின்றது செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும், அது தின்ற சில மணி நேரம் கழித்து உச்சத்துக்குப் போகும். காலை பத்து மணிக்கு வயிறு நிறையக் கம்பு போட்டால், வெயில் கொளுத்தும் இரண்டு மணிக்கு உள்ளேயிருந்தும் ஓர் அடுப்பு எரியும். விடிந்ததும் ஐந்தரைக்குப் போடுங்கள், ஒன்பது மணிக்கு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மறுபடி சாயங்காலம் ஐந்துக்கு மேல். செத்த உங்கள் கோழிகள் எப்போது தின்றன என்று யோசித்துப் பாருங்கள், மத்தியானச் சோற்றைக் கொல்லையில் கொட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நடுவில் வெள்ளரி, தர்பூசணித் தோல், முருங்கைக் கீரை ஏதாவது கொஞ்சம் கொடுக்கலாம், அளவு மீறினால் வயிறு தண்ணீரால் நிறைந்து சத்து குறையும். கம்பு குளிர்ச்சி, சோளம் சூடு என்று கிராமத்தில் சொல்வார்கள். அதில் சண்டை போட எனக்கு விருப்பமில்லை, எதைப் போட்டாலும் நேரத்தில் போடுங்கள். தவிட்டைப் பிசைந்து வைத்தால் அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுதான், மிஞ்சியது புளித்துவிடும்.

ஒன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது? இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து, கழுத்தை நீட்டி வாய் திறந்து நிற்பது முதல் படி. அப்போது நிழலும் தண்ணீரும் காற்றும் போதும். கண்ணை மூடி, தள்ளாடி, தரையில் சாய்ந்தால் உடனே தூக்க வேண்டும். காலிரண்டையும் முழங்கால் வரை சாதாரணக் குழாய்த் தண்ணீரில், சுடாத தண்ணீரில், நிற்க வையுங்கள். இறக்கையைத் தூக்கி அடித்தோலை ஈரத் துணியால் ஒற்றுங்கள், கொண்டை, தாடியையும். ஃபேன் முன்னால் வையுங்கள். ஐஸ் தண்ணீருக்குள் முக்கக் கூடாது, தோலின் ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும், அதிர்ச்சியிலேயே சில போய்விடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழலுக்குள் போகும். அலகின் ஓரத்தில் விரலால் சொட்டுச் சொட்டாக வைத்தால் தானே விழுங்கும். விழுங்கவில்லை என்றால் காத்திருங்கள். பிழைத்த கோழியை அன்றைக்குச் சேவலிடமிருந்து பிரித்து ஒரு பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) நிழலில் விடுங்கள், பஞ்சாரத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிடாமல்.

மதியம் பதினொன்றிலிருந்து நாலு வரை கோழியைப் பிடிப்பது, விரட்டுவது, கூண்டு கழுவுவது எதுவும் வேண்டாம். குழந்தைகளுக்குக் கோடை விடுமுறை வேறு, சொல்லி வையுங்கள்.

அடை வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போது விட்டுவிடுங்கள். இட்ட முட்டை கொல்லைச் சூட்டில் கிடந்தாலே உள்ளே கரு பாதி வளர ஆரம்பித்துச் செத்துவிடும், அடையில் வைத்தால் கூமுட்டைதான் அதிகம் வரும். சாப்பிடுவதற்கான முட்டையைக்கூட நாளைக்கு இரண்டு தடவை எடுத்து, ஈர மணல் மேல் வைத்த மண்சட்டியில் போட்டு வையுங்கள். தானாக அடையில் உட்கார்ந்துவிட்ட கோழி இருந்தால் காற்று வரும் இடத்துக்குக் கூடையோடு மாற்றி, தண்ணீரை அலகுக்கு எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். அடைக்கோழி தாகத்துக்குக்கூட எழுந்திருக்காது.

நிழலுக்குக் கீற்று ஒரு கோடைக்கு, மரம் பல கோடைக்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோது கடலூர்ப் பக்கத்துத் தோப்பெல்லாம் சாய்ந்துபோய்ப் பல கொல்லைகள் மொட்டையாகின. அதன்பின் புங்கை வைத்தவர்கள் வீட்டில் இன்று கோழிக்கு மட்டுமல்ல, கட்டிலுக்கும் நிழல் இருக்கிறது. புங்கை கத்திரி நேரத்தில் புதுத் தழையோடு நிற்கும், கடலோர மண்ணிலும் வரும். பூவரசும் பரவாயில்லை. முருங்கை நிழல் மெல்லியது, அதை நம்பக் கூடாது. மரம் வளரும் வரை அடுத்த தை மாதம் கூண்டுக் கூரை மேல் பீர்க்கங்கொடி ஏற்றிவிடுங்கள், சித்திரைக்குள் மூடிக்கொள்ளும், காயும் கிடைக்கும்.

கழுத்தறுத்தான்கள் உங்களிடம் இருப்பது நல்லது. கழுத்தில் மயிரில்லாததோடு உடம்பிலும் மற்றக் கோழிகளைவிட இறகு குறைவு, சூட்டை எளிதாக வெளியே விடும். அதற்காக அவற்றை வெயிலில் விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. உங்கள் கவனம் முதலில் பெருவிடைச் சேவல் மேல் இருக்கட்டும், கனத்த உடம்பு முதலில் விழும்.

மே 28, 29 வாக்கில் கத்திரி முடிந்தது என்று சொல்வார்கள், கூரைக் கீற்றையும் சாக்கையும் கழற்றிவிடாதீர்கள். நம் கரையில் ஜூனிலும் மேல்காற்று கடல்காற்றைத் தள்ளிப் போட்டு 40 டிகிரியைத் தொட்டுவிடும் நாட்கள் உண்டு. செத்த இரண்டுக்குப் பதிலாக இப்போதே சந்தையில் கோழி வாங்க வேண்டாம். வெயிலில் கட்டித் தூக்கி வந்த கோழி பாதி உயிரோடுதான் வரும், கழிச்சலையும் கூடவே கொண்டு வரலாம். ஆடியில் இரண்டு மழை விழட்டும், அப்புறம் தடுப்பூசி போட்ட இளங்கோழியாகப் பார்த்து வாங்கி, இரண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவையோடு விடுங்கள்.